துபாயில் பத்தொன்பது மணி நேரம்

ஜெர்மனிக்கு ஒரே மூச்சில் பறந்து போகிற விமானங்கள் இருக்கின்றன. ஏறி உட்கார்ந்து, ஒரு தூக்கம் போட்டு, கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் கொண்டுபோய் இறக்கிவிடுவார்களாம். அன்புமொழி அதெல்லாம் வேண்டாம் என்றாள். சென்னையில் ஏற்றி, துபாயில் இறக்கி, அங்கே பத்தொன்பது மணி நேரம் காக்கவைத்து, அப்புறம் இன்னொரு விமானத்தில் ஏற்றுகிற டிக்கெட்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். படித்துப் பார்த்த வெள்ளைக்காரர்கள் இந்தப் பெண்ணுக்குப் பூகோளம் வராது போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் தெருவில் யாரும் அப்படி நினைக்கவில்லை. துபாயில் அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி இருக்கிறான். மகள் அவனை நேரில் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது.

வெள்ளைச்சாமி ஏசி மெக்கானிக். சாதாரண மெக்கானிக் இல்லை. ஒரு சித்திரை மாதம் அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடை ஏசியைச் சரி பண்ணிவிட்டு வந்தான். மறுநாள் அங்கே கைலி வாங்கப் போனவர்கள் எல்லாம் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். நம்பாதவர்கள் என் பெட்டியைத் திறந்து பார்க்கலாம், பச்சைக் கலரில் ஒன்று கிடக்கிறது.

அப்படிப்பட்ட கைகாரன் துபாய் போனபோது மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். இரண்டு வருஷம், அப்புறம் லீவில் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான். லீவுக்கு நாள் குறித்த மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி எங்கேயோ போய்விட்டார். அதில் ஒரு வழக்கு. வழக்கு முடியும்வரை அங்கேயே வேறு இடத்தில் வேலை பார்க்கலாம், நாட்டை விட்டு மட்டும் வெளியே போகக்கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு எந்த ஊரிலும் வழக்குதானே. அது பாட்டுக்கு நடக்கிறது.

ஆக, அவன் வர முடியாது. இவள் போகலாம். போவதற்கு ஒரு வழியை அவள் படிப்பே கொண்டுவந்து கொடுத்தது.

அன்புமொழி சென்னையில் ஆராய்ச்சி மாணவி. உடம்புக்குள்ளே ஒளியை விட்டு நோயைக் கண்டுபிடிக்கிற படிப்பு. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், வெளிச்சம் போதும். அவள் தயார் பண்ணியிருந்த கருவி, டார்ச் லைட்டுக்கும் தோசைக் கரண்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். காலுக்கு நேரே பிடித்தால் ஊதா ஒளி அடிக்கும். சர்க்கரை வியாதி பல வருஷம் இருந்தால் தோலுக்கு அடியில் ஒரு கசடு சேருமாம். ஊதா ஒளி பட்டதும் அந்தக் கசடு பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, கருவியின் திரையில் தெரியும். எந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று புண் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம்.

அதைப் பரிசோதிக்கத்தான் போன தை மாதம் எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். நர்ஸ் அடைக்கலமேரி ஒரு வாரம் முன்னாலேயே தெருத் தெருவாகச் சொல்லிவிட்டாள்.

“சுகர் இருக்கவங்க எல்லாரும் வெள்ளிக்கிழமை வந்துருங்க. சென்னைலேருந்து மிஷின் வருது. காலைச் சுத்தமா கழுவிட்டு வாங்க. வயக்காட்டுச் சேத்தோட வந்து எம் மானத்தை வாங்காதீங்க.”

முப்பது ஆண்கள், நாற்பத்து நான்கு பெண்கள். ஒவ்வொருவரிடமும் அன்புமொழி தாளில் உள்ளபடி கேட்டாள்: காலில் களிம்பு, எண்ணெய், மருதாணி ஏதாவது போட்டிருக்கீங்களா? “ஒண்ணும் போடல” என்றார்கள். ஜன்னலையெல்லாம் அடைத்து, கருவியைப் பிடித்தாள். ஆண்களின் பாதத்தில் சும்மா ஒரு மங்கல். பெண்களில் முப்பத்தைந்து பேருக்கு மின்மினிப் பூச்சி குடியேறின மாதிரி ஒளி. சென்னை ஹாஸ்டலில் சர்க்கரை இல்லாத பெண்களின் கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட ஒளிரவில்லை.

சர்க்கரையுள்ள பெண்களின் பாதம் ஆண்களைவிடப் பல மடங்கு ஒளிர்கிறது, இதுவரை யாரும் சொல்லாத சேதி. அவளுடைய கைடு அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். எழுதி அனுப்பினார்கள். இந்தத் துறையில் உலகம் முழுக்க உள்ள மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஆய்வு விருது. வந்த முந்நூறு கட்டுரைகளில் ஆறு பேரைப் பொறுக்கி, ஜெர்மனிக்கு வரவழைத்து, மேடையில் பன்னிரண்டு நிமிஷம் பேசவிட்டு, ஒருவருக்குக் கொடுப்பார்கள். ஆறில் ஒருத்தி எங்கள் தெருப் பெண். ஆறு பேருக்கும் டிக்கெட் அவர்கள் பொறுப்பு.

அந்தச் சேதி வந்த அன்றைக்குத்தான் அவள் அந்தச் சுற்றுவழி டிக்கெட்டைக் கேட்டாள். துபாயில் வெளியே வந்துபோக நாற்பத்தெட்டு மணி நேர விசா கிடைக்கும் என்றும் விசாரித்து வைத்திருந்தாள். வெள்ளைச்சாமி அங்கே சூப்பர்வைசரிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டான். தேதியைச் சொல்லி, “எம் மக வருது, ஜெர்மனி போற வழியில” என்று அறையில் உள்ள பதினோரு பேரிடமும் சொல்லிவிட்டான். பன்னிரண்டாவதாக ஒரு பூனை உண்டு, அதனிடமும் சொல்லியிருப்பான்.

இங்கே அவன் மனைவி அழகி என்ன கொடுத்துவிடலாம் என்று யோசிக்கவே இல்லை. மகளிடம் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள்.

“ஒங்கப்பா போன்ல வாயத் தொறக்காமலே சிரிக்கிறாரு. ரெண்டு வருஷமா பார்க்குறேன். பல்லு கொட்டிருச்சான்னு பாத்துட்டு வா. கேக்காத. கேட்டா மறைப்பாரு. சிரிக்க வச்சுப் பாரு.”

“எம்மா, பத்தொம்பது மணி நேரத்துல பல்லையா எண்ணச் சொல்ற?”

“அதுக்குத்தாண்டி அவ்வளவு நேரம்.”

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அன்புமொழி ஊருக்கு வந்தாள். மேடையில் பேசுவதைப் பழகிப் பார்க்க வேண்டும். கருவியையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பகல். கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினாள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று பக்கத்து வீட்டிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பத்தா, நீங்கதான் உலகம். கவனமா கேளுங்க.”

உலகம் கால் நீட்டி உட்கார்ந்தது. அவள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். அடாடா, என்ன பேச்சு! நான் இங்கிலீஷ் படித்தவள்தான், என்றாலும் பாதிக்கு மேல் தலையை மட்டும் ஆட்டினேன்.

“இப்ப, சுகர் இல்லாத காலுக்கும் இருக்க காலுக்கும் வித்தியாசத்தைக் காட்டப் போறேன். அம்மா, காலை நீட்டு. அம்மாவுக்கு சுகர் இல்ல. அதனால இதுல ஒளி இருக்காது.”

கருவியைப் பிடித்தாள். திரையில் அழகியின் கால் எலுமிச்சம்பழம் மாதிரி எரிந்தது. விரலிடுக்கு, நகத்தோரம், குதிகால் வெடிப்பு எல்லாம் தங்கக் கம்பி இழைத்த மாதிரி.

அன்புமொழி கருவியை ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி பிடித்தாள். மறுபடி எலுமிச்சம்பழம்.

“அப்பத்தா, நீங்க காலை நீட்டுங்க.”

எனக்குச் சர்க்கரை பதினான்கு வருஷம். என் ரத்தத்தைக் காய்ச்சினால் ரெண்டு அச்சு வெல்லம் தேறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். என் காலில் அடித்தாள். இருட்டு. அமாவாசைக்குப் பிறந்த இருட்டு.

அவள் கருவியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அம்மாவிடம் கேட்டாள்.

“காலில என்ன போட்ட?”

“ஒண்ணும் போடலயே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. மருந்து, தைலம்?”

“ஒண்ணும் போடலங்குறேன். காலைல மஞ்சத் தேச்சுக் குளிச்சேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமல்ல.”

போடுவது வேறு, தேய்ப்பது வேறு. எங்கள் பக்கத்தில் மருந்து போடுவோம், மருதாணி போடுவோம். மஞ்சள் அந்தக் கணக்கில் வராது. அது குளியலோடு சேர்த்தி. ஆண்களிடம் சுத்தமாக வா என்றால் சோப்பை எடுப்பார்கள். தாலி கட்டின பெண்ணிடம் வெள்ளிக்கிழமை சுத்தமாக வா என்றால் மஞ்சளைத்தான் எடுப்பாள். அடைக்கலமேரியும் சரியாகத்தான் சொன்னாள், இவளும் சரியாகத்தான் கேட்டாள், அவர்களும் பொய் சொல்லவில்லை. மஞ்சளுக்கு மட்டும் அந்தத் தாளில் இடமில்லை.

அன்புமொழி அடுப்படிக்குப் போய் ஒரு மஞ்சள் கிழங்கை உரசிக்கொண்டு வந்து, தன் சொந்தக் காலில் தேய்த்துக் கழுவினாள். கருவியைப் பிடித்தாள். அதே ஒளி. பிறந்ததிலிருந்து பார்த்த மஞ்சள். அதனால்தான் கண்ணில் படவில்லை போலும்.

மடிக்கணினியைத் திறந்து, ஒளிராத ஒன்பது பெண்களின் பெயரை எனக்கு வாசித்தாள். “இவங்கள்லாம் யாரு அப்பத்தா?”

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் எட்டும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், என்னையும் சேர்த்து. தாலி இறங்கினவள் மஞ்சள் தேய்ப்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். அது நியாயமா என்பது வேறு பஞ்சாயத்து. ஒன்பதாவது ஷர்லி டீச்சர். அவருக்குப் பவுடரோடு சரி.

“அப்ப இந்த மிஷின் கண்டுபிடிச்சது சர்க்கரைய இல்ல” என்றாள் அன்புமொழி. “யாருக்குப் புருஷன் இருக்காருங்கிறதைக் கண்டுபிடிச்சிருக்கு.”

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். இதைச் சொன்னால் கட்டுரை போச்சு. கட்டுரை போனால் ஆறு பேரில் ஒருத்தி என்கிற இடம் போச்சு. இடம் போனால் டிக்கெட் போச்சு, துபாய் போச்சு. இதை மூவரும் ஒரே நேரத்தில்தான் யோசித்திருப்போம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் அவளைப் பொய் சொல்லத்தான் சொன்னேன்.

“யாருக்குடி தெரியப் போவுது? ஜெர்மன்காரன் மஞ்சளக் கண்டானா? போ. அப்பாவப் பாரு. வந்தப்புறம் சொல்லிக்க, ‘இப்பத்தான் தெரிஞ்சுச்சு’ன்னு. மூணு வாரத்துல ஒண்ணும் உலகம் முழுகிறாது.”

அழகி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்று சொல்லமாட்டாளா என்று எனக்கே ஏக்கமாக இருந்தது.

“அப்பத்தா, ஒங்க கால்ல ஆணி குத்தினா ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. மரத்துப்போயி நாலு வருஷம் ஆச்சு.”

“இத நம்பி ஒரு டாக்டர் இதே மிஷினை ஒங்க கால்ல பிடிச்சா, ஒளி இல்லன்னு பாப்பாரு. நல்ல கால், வீட்டுக்குப் போங்கம்மான்னு அனுப்பிடுவாரு. நீங்க சொல்றபடி போனா, நான் அந்த மேடையில ஏறி அதத்தான் சொல்லணும்.”

நீட்டின காலை மடக்கிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கைடு அம்மாவுக்கு அன்றே போன் பண்ணினாள். அந்த அம்மாவும் மனுஷிதானே. “ரெண்டு நாள் யோசிப்போமா மொழி?” என்று முதலில் கேட்டார். அப்புறம் அரை மணியில் அவரே திரும்பக் கூப்பிட்டு, “வேண்டாம், இன்னைக்கே எழுதிடுவோம். ரெண்டு பேர் பேரும் போட்டு எழுது” என்றாராம். மஞ்சள் என்றால் என்ன, வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்பதையெல்லாம் இங்கிலீஷில் விளக்கி எழுதுவதற்குள் அன்புமொழிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எழுதி முடித்து அனுப்பும்போது நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மேடையில் தன் பெயரை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று ஒருதரம் இங்கிலீஷ்காரன் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “ஆன்பு மோளி.” அதற்கு அவளே சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். நேர்மைக்கு நன்றி, கட்டுரையைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்கிறோம், சோதனையை மறுபடி செய்து வரும் ஆண்டுகளில் விண்ணப்பிக்கலாம். டிக்கெட்டைப் பற்றி ஒரே வரி, கடைசியில்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு வீடியோவில் சொன்னாள். நானும் அழகியும் பக்கத்தில். வெள்ளைச்சாமி வேலைக்குப் போட்டுக்கொள்கிற நீலச் சட்டையோடு, ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். விருது போனதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டான்.

“ஒங்கம்மா அங்கிட்டு இன்னும் மஞ்சத் தேச்சுக்கிட்டா இருக்கா? வாரா வாரமா?”

“ஆமாப்பா. அதுல அம்மா காலுதான் ஊர்லயே ஜாஸ்தி எரியுது.”

அவன் முகம் திரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. படிக்கட்டும் சுவரும்தான் தெரிந்தன.

“நான் இங்கன கெடக்கேன். அங்க யாரு பாக்கப் போறான்னு தேய்க்கிறா?”

அழகி போனை வாங்கினாள். “உசுரோடதான இருக்கீங்க? பின்ன?” என்று சொல்லிவிட்டு மகளிடமே கொடுத்துவிட்டாள்.

அப்புறம் அன்புமொழி சென்னைக்குத் திரும்பவில்லை. கைடு அம்மாவிடம் கேட்டு ஒரு மாதம் இங்கேயே இருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை தாளில் மஞ்சளுக்கு ஒரு கட்டம். ஆனால் அது மட்டும் போதாது. இரண்டு வாரம் மஞ்சளே தொடாத கால் வேண்டும். அதை ஊரில் சொன்னபோது நடந்ததைக் கேட்க வேண்டுமே.

“மஞ்சத் தேய்க்காதேன்னா சொல்ற? ஒன் வாயக் கழுவுடி!”

“எம் புருஷன் கொத்தனாரு. சாரத்து மேல நிக்கிற மனுசன். நான் மஞ்சள விடவா?”

அடைக்கலமேரி கையெடுத்துக் கும்பிட்டு, மாதாவின் மேல் சத்தியம் செய்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பதினேழு பேரைச் சேர்த்தாள். அழகி வரவில்லை. மகள் கேட்டாள், அடைக்கலமேரி கேட்டாள், நானும் கேட்டேன்.

“மத்தவங்க புருஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரு அத்தே” என்றாள் என்னிடம். “அவளுக நிறுத்தலாம்.”

சோதனை நாளுக்கு மட்டும், எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். அன்றைக்குத் தேதி என்ன என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. துபாய் விமானம் சென்னையிலிருந்து கிளம்பியிருக்கிற நேரத்தில் அன்புமொழி என் காலை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை முதல் கால் என்னுடையது. ரொம்ப மெல்லிசாக, சாம்பலுக்குள் இருக்கிற கங்கு மாதிரி, ஒரு மங்கல் தெரிகிறது என்றாள். தெரிகிறதா இல்லையா என்று அவளுக்கே உறுதியில்லை. எழுதிக்கொண்டாள்.

இரண்டு மணி சுமாருக்கு அவளுடைய போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கை ஈரம். அடைக்கலமேரிதான் அமுக்கினாள். பின்னால் ஒரே இரைச்சல், தள்ளுவண்டிச் சக்கரங்கள், யாரோ குழந்தையைக் கூப்பிடுகிறார்கள்.

“மொழி, அப்பா பேசுறேன். ஏர்போர்ட்டுல நிக்கிறேன்த்தா. லீவு சொன்னது சொன்னபடி இருந்துச்சு. திருப்பிப் போயி எம் மக வரலன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் வந்துட்டேன். சென்னை பிளைட்டு எறங்கிருச்சு. எல்லாரும் வந்துக்கிட்டுருக்காங்க. பைய மாட்டிக்கிட்டு ஒரு பிள்ள வந்துச்சு, நீயோன்னு ஒரு எட்டு முன்னால வச்சுட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். நீ இப்ப எந்த உசரம்னு எனக்குத் தெரியலயே. எம்புட்டு உசரம்த்தா இருக்க?”

அன்புமொழி கையைத் துடைக்கவில்லை. சுவரோரம் கர்ப்பிணிகளுக்கு உயரம் பார்க்கிற பலகை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் போய் முதுகை ஒட்டி நின்றாள். அடைக்கலமேரி தலைமேல் கட்டையை இறக்கினாள்.

“நூத்தி அம்பத்தேழு” என்றாள்.

அதையே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. இரைச்சல் குறைந்திருந்தது, கூட்டம் கலைந்திருக்க வேண்டும்.

“பையில டேப் வச்சிருந்தேன். தரைலேருந்து இழுத்து எம் மேல வச்சுப் பாத்தேன். எங் காது மட்டத்துக்கு வாறத்தா நீ.”

அன்புமொழி போனைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நின்றாள். சாதப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்த அழகி நிமிர்ந்தாள். அவளும் மகள் உயரம்தான். தெருவில் பின்னால் இருந்து பார்த்தால் யார் எவர் என்று தெரியாது.

“காதுன்னா சொன்னாரு?”

“ஆமாம்மா.”

“கல்யாணத்தன்னைக்கு நான் அவரு மோவாய்க்குத்தான்டி வந்தேன்.”

அழகி கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

“நிமிந்து நின்னு இன்னொரு தடவ அளக்கச் சொல்லு” என்றாள்.